நார்வேயில் தண்ணீர் வரிசை இல்லை

என் தம்பி ஷிப்லி செத்தது ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. நாற்பது பேர் பார்த்தார்கள். பார்க்காதது அரசாங்கம் ஒன்றுதான்.

அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். எங்கள் ஊர் உம் ருஜைமில் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருநாள். மற்ற நாளெல்லாம் லாரிதான். ஊருக்கு வெளியே இருக்கிற நிரப்பு நிலையத்தில் விடியும் முன்னாலேயே லாரிகள் வரிசை கட்டிவிடும். அன்றைக்கு ஹம்தான் என்கிறவன் தன் லாரியை வரிசையில் குறுக்கே விட்டான். ஷிப்லி இறங்கிப் போய் என்ன இது என்று கேட்டான். ஹம்தான் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தான். மூன்று முறை சுட்டான். சுட்டவன் ஓடவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, என்னைப் பூட்டுங்கள் என்றான்.

அவன் நல்லவன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஓடினால் எங்கள் பையன்கள் அவன் குலத்தில் யார் கிடைத்தாலும் சுடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் அவன் உயிரும் தப்பும், அவன் ஆட்கள் உயிரும் தப்பும்.

மூன்றாம் நாள் அவர்கள் தரப்பில் அறுபது பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால், சமரசம் பேச, ஷேக் மித்கால். காப்பி ஊற்றி அவர் முன்னால் வைத்தோம். அவர் தொடவில்லை. கேட்டு வந்தது கிடைத்தது என்று வீட்டுக்காரன் வாயால் சொல்லும்வரை வந்தவர் காப்பியைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஷேக் ஒரு வருஷம் பொறுதி கேட்டார், அதுவரை நாங்கள் பழிவாங்கக் கூடாது. நான்தான் மூத்தவன், நான்தான் பேசினேன். ஹம்தானின் அப்பன் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்ய வேண்டும், தீர்ப்பு வரும்வரை ஹம்தான் உள்ளேயே இருக்க வேண்டும், அவன் வெளியே கால் வைத்தால் அந்த நிமிஷமே பொறுதி முடிந்தது என்றேன். சரி என்றார்கள். குடியுங்கள் என்றேன். ஆறிப்போன காப்பியை ஷேக் ஒரே மடக்கில் குடித்தார்.

ஷிப்லியின் மூத்த பையன் ஃபவ்வாஸ் எல்லாவற்றையும் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. பட்டாளத்தில் இரண்டு வருஷம் இருந்து வந்தவன், அதிகம் பேச மாட்டான். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தான்.

"அவன் உள்ள இருக்கற வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கேன் பெரியப்பா. வெளிய வந்தான்னா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

நானும் கேட்கவில்லை. அவன் அப்பன் உயிரோடு இருந்திருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

நான்கு மாதம் நிம்மதியாகப் போனது. டிசம்பரில் ஏட்டு ரிழ்வான் ஒரு கடிதத்தோடு வந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும் என்று அவரே படித்துக் காட்டினார். தலைநகர் அம்மானில் 'வன்குற்ற ஒப்பீட்டுக்கான தேசிய உயர் மன்றம்' என்று ஒன்று இருக்கிறதாம். நாட்டில் எத்தனை பேர் கொல்லப்படுகிறார்கள் என்று எண்ணி, மற்ற நாடுகளோடு ஒப்பிட்டு, உலகத்துக்கு அனுப்புவது அதன் வேலை. ஷிப்லியின் சாவு 'கொலை' என்ற கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, 'நீர் வினியோகத்தின்போது நேர்ந்த இழப்பு' என்ற கட்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கொலை இல்லாததால் கொலைகாரனும் இல்லை. ஆகவே ஹம்தான் இருபத்தேழாம் தேதி விடுவிக்கப்படுவான்.

"ஏட்டு, என் தம்பி செத்தானா இல்லையா?"

"செத்துட்டார் ஹாஜி. அதுல மேலிடத்துல யாருக்கும் சந்தேகம் இல்ல. எந்தக் கட்டத்துல செத்தார்ங்கறதுதான் பிரச்சினை."

"நீதானே பொணத்தத் தூக்கின?"

"தூக்கினேன். சட்டையெல்லாம் ரத்தம். எம் பொண்டாட்டி அதத் தூக்கியே போட்டுட்டா." கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "அம்மானுக்குப் போய்ப் பேசிப் பாருங்க. அங்கதான் மாத்தினாங்க, அங்கதான் திருப்பி மாத்த முடியும்."

மறுநாள் அதிகாலைப் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். கவ்ர் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு கிழவன் ஏறினான். அபூ ஹம்தான். ஹம்தானின் அப்பன். எங்களால் ஊரைவிட்டுப் போனவன். பொறுதிக் காலத்தில் அவன் என் கண்ணில் படக் கூடாது, என்னோடு பேசக் கூடாது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, கண்டக்டர் இல்லாததால், டிரைவரே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஹாஜி, பின்னால இருக்கறவர் கேக்கறார், நீங்க எங்க போறீங்கன்னு."

"அவன் எங்க போறானாம்?"

டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் கத்தினான். பின்னாலிருந்து பதில் வந்தது. எனக்கே கேட்டது. இருந்தாலும் டிரைவர் சொன்னான்.

"ஒப்பீட்டு மன்றத்துக்குப் போறாராம். தன் மகன் கொலைகாரன்தான்னு சொல்லப் போறாராம். தயவுசெஞ்சு நீங்க தடுக்க வேண்டாமாம்."

"தடுக்கலன்னு சொல்லு. நானும் அதச் சொல்லத்தான் போறேன்."

"ஏன்யா, நான் பஸ் ஓட்டவா, உங்க ரெண்டு பேருக்கும் தூது போகவா?" என்றான் டிரைவர். ஆனாலும் சொன்னான்.

பேருந்தில் யாரோ சிரித்தார்கள். செத்தது வேறு யார் தம்பியாகவாவது இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மன்றம் பெரிய வெள்ளைக் கட்டடம். கீழ்க்கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பலகை. உலகத்து நாடுகளின் பெயர்களெல்லாம் தகட்டில் எழுதி மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கொலை குறைந்த நாடு மேலே, கூடிய நாடு கீழே. ஏணிமேல் ஒருவன் நின்றுகொண்டு எங்கள் நாட்டுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்கு நேர் மேலே நார்வே. பலகைக்கு மேல் பெரிய எழுத்து. நானே கூட்டிப் படித்தேன்: 'இந்த ஆண்டு நார்வே.'

எண் சீட்டு கொடுக்கும் பெண், "என்ன வகை?" என்றாள்.

"கொலை."

அவள் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தாள். "மெதுவா ஹாஜி! இந்தக் கூடத்துல அந்த வார்த்தைய யாராவது சொன்னா நான் ஒரு படிவம் திறக்கணும். திறந்தா யாராவது மூடணும். மூடறவர் லீவு."

"அப்ப எப்படிச் சொல்றது?"

"வருத்தம்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வருத்தம் என்று எழுதி எண் கொடுத்தாள். எனக்குப் பின்னால் அபூ ஹம்தான் வந்து நின்று, "எனக்கும் அதே வருத்தம்தாம்மா" என்றான்.

கூடத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். ஹீட்டர் இல்லை. பளிங்குத் தரை குளிரைக் காலில் ஏற்றியது. பக்கத்தில் இருந்தவரின் மகன், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு திரும்பி வந்து விழுந்து செத்தவன். அவனுக்குக் கிடைத்த கட்டம் 'மகிழ்ச்சி மிகுதி'. எல்லையில் சுடப்பட்ட ஒருவனுக்கு 'எல்லைப்புறத் தட்பவெப்பம்'. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் மகளை அவள் மகனே கொன்றுவிட்டான். அதற்கு 'வீட்டு உள்விவகாரம்' என்று எழுதியிருந்தார்கள்.

"நான்தான் பெத்தேன், நான்தான் குளிப்பாட்டிப் பொதைச்சேன்," என்றாள் அவள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "நடுவுல என்ன நடந்துச்சுன்னு எழுத இவங்ககிட்ட கட்டம் இல்லையாம்."

பதினொரு மணிக்கு எங்கள் இருவர் எண்ணையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். ஒரே சம்பவம், ஒரே மேஜையாம். ஒப்பீட்டு அதிகாரி சின்ன வயசுக்காரன், தாடியை அழகாக வெட்டியிருந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்தோம். அவனுக்கு அது பிடித்திருந்தது போலும்.

"பாருங்க, எவ்வளவு இணக்கம்! ஒரே பஸ்ல வந்திருக்கீங்க, ஒரே மேஜைல உக்காந்திருக்கீங்க. இதுல பகை எங்க இருக்கு? பகை இல்லாத இடத்துல எப்படி அந்த வார்த்தை வரும்?"

"அவன் மகன் என் தம்பிய மூணு தடவை சுட்டான்," என்றேன்.

"ஆமா சார், சுட்டான்," என்றான் அபூ ஹம்தான். "பெத்த அப்பன் சொல்றேன்."

"ரெண்டு பேருமே உணர்ச்சிவசப்படறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நார்வேயில தண்ணி லாரிக்கு வரிசை உண்டா?"

"எனக்கென்ன தெரியும்?"

"கிடையாது. குழாயத் திறந்தா தண்ணி கொட்டுது. அப்ப தண்ணி வரிசையில ஒருத்தர் சுடப்பட்டா, அதுக்குச் சமமா நார்வேயில எதை வைக்கறது? ஒண்ணுமே இல்ல. சமம் இல்லாத ஒண்ண ஒப்பிட்டா நம்ம நாட்டுக்கு அநியாயம் பண்ணினதாகாதா?"

"அப்ப எங்களுக்கும் குழாயில தண்ணி விடுங்க."

"அது வேற அமைச்சகம் ஹாஜி."

ஒரு காகிதத்தை எடுத்தான். உலகம் இப்போதெல்லாம் ஆளைக் கணக்கெடுப்பதில்லையாம். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்றுதான் பேசுகிறதாம். எழுதி எழுதி வகுத்தான். கடைசியில் என் தம்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினான்: ஒரு புள்ளி, இரண்டு சைபர், ஒரு ஒன்பது.

"ஒண்ணுகூட இல்ல, பாருங்க. கால்வாசிகூட இல்ல. ஒன்பது, அதுவும் ரெண்டு சைபருக்கு அப்புறம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே."

"அவன் தொண்ணூறு கிலோ இருந்தான் தம்பி. குழியில எறக்க ஆறு பேர் வேண்டியிருந்துச்சு."

அவன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அபூ ஹம்தான் நாற்காலியைவிட்டு எழுந்து அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், ஒப்பிடுங்க, ஒப்பிடாம போங்க. என் மகன மட்டும் வெளிய விடாதீங்க. வெளிய வந்தா செத்துடுவான் சார். இவங்க வீட்டுல ஒரு பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

"செத்தா அப்பப் பாத்துக்கலாம் பெரியவரே. அதுக்கும் நார்வேயில சமம் இருக்கான்னு கட்டாயம் தேடிப் பாப்போம். நாங்க யாருக்கும் பாரபட்சம் பாக்கறதில்ல."

திருத்தம் செய்யும் அதிகாரம் இயக்குநருக்குத்தான் உண்டாம். இயக்குநரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய உரையைக் கேட்க வேண்டுமாம். வாரத்தில் ஒருநாள், மனு கொண்டுவந்தவர்கள் அத்தனை பேரையும் ஓர் அரங்கத்தில் உட்காரவைத்துப் பேசுவாராம். முன்வரிசையில் வேறு நாட்டு அதிகாரிகள் பத்துப் பேர், நோட்டுப் புத்தகத்தோடு. இந்த முறையைக் கற்றுக்கொண்டு போக வந்தவர்கள்.

இயக்குநர் டாக்டர் நிளால் உயரமானவர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"வன்குற்றம் கூடும்போது ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகம் மூன்று விதமாகப் பதில் சொல்கிறது. சில நாடுகள் போலீஸைக் கூட்டுகின்றன. சில நாடுகள் துப்பாக்கிகளைப் பிடுங்குகின்றன. சில நாடுகள் வாலிபர்களுக்கு வேலையும் வீட்டுக்குத் தண்ணீரும் கொடுக்கின்றன. மூன்றையும் நாங்கள் நேர்மையாகப் பரிசீலித்தோம். போலீஸைக் கூட்டினால் அவர்கள் குற்றங்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை ஏறுகிறது. துப்பாக்கியைப் பிடுங்கலாம் என்றால், முதலில் எங்கள் மன்ற உறுப்பினர்களின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வேலையும் தண்ணீரும் கொடுக்க இருபது வருஷம் ஆகும். அறிக்கையோ டிசம்பரில் போக வேண்டும். ஆகவே நாங்கள் நான்காவது வழியைக் கண்டோம். குற்றம் எங்கே பிறக்கிறது? தெருவில் என்பார்கள். இல்லை. தெருவில் நடப்பது வெறும் சத்தம். குற்றம் பிறப்பது கட்டத்துக்குள் எழுதும்போது. நாங்கள் அதை அங்கேயே தடுக்கிறோம். எங்களுடையது தடுப்பு முறை. ஆறு வருஷத்துக்கு முன் இந்த மன்றத்தில் ஒன்பது பேர் வேலை செய்தோம். கொலைகள் ஏராளம். இன்று முந்நூறு பேர். கொலைகளைத் தேட வேண்டியிருக்கிறது. நான்கு நாள் முன்பு நார்வேயிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்கள் பதிவேடுகளைப் பார்த்தார். அவர் அழுதார்."

முன்வரிசை கை தட்டியது. ஓர் அதிகாரி கை தூக்கி, "செத்தவங்க வீட்டுக்காரங்க ஒத்துக்கறாங்களா?" என்று கேட்டார்.

"அதோ உக்காந்திருக்காங்களே," என்று இயக்குநர் எங்களைக் காட்டினார். "தானா வந்திருக்காங்க."

அவர்கள் திரும்பிப் பார்த்து எங்களுக்கும் கை தட்டினார்கள்.

இயக்குநர் அறைக்குள் எங்களைக் கூப்பிடும்போது மூன்று மணி. காலையிலிருந்து வாயில் ஒன்றும் படவில்லை. கூடத்துக் குளிரில் கை விறைத்து விரல் மடங்கவில்லை. அறைக்குள் ஹீட்டர் எரிந்தது. கம்பளம், தாழ்வான சின்ன மேஜை, பித்தளைக் காப்பிக் குடம். எங்கள் ஊர்க் கூடாரத்தைப் போலவே செய்துவைத்திருந்தார். "உக்காருங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க," என்றார். ஒரு சேவகன் வந்து எனக்கு ஒரு கோப்பை, அபூ ஹம்தானுக்கு ஒரு கோப்பை ஊற்றி வைத்தான். ஆவி பறந்தது.

நான் எடுத்துக் குடித்துவிட்டேன்.

ஆபீஸ் காப்பிக்கு வழக்கம் எதுவும் கிடையாது என்று நினைத்தேன். இந்த அரசாங்கத்தை எழுபத்தோரு வருஷமாக நான் எதிலும் நம்பியதில்லை. அந்த ஒரு கோப்பையில் நம்பிவிட்டேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், அபூ ஹம்தான் தன் கோப்பையைத் தொடவில்லை. முகத்துத் துணியை விலக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறுதி வாங்கிய நாளிலிருந்து அவன் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இயக்குநர் மெல்லச் சிரித்தார். செயலாளரிடம், "எழுதிக்கோ," என்றார். "ஓர் உயிரைப் பறிகொடுத்த குடும்பத்து மூத்தவர் வந்தார். காப்பி அருந்தினார்."

"இருங்க," என்றேன். "நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

"அதைத்தான் ஹாஜி நானும் சொல்றேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னுதானே குடிச்சீங்க?"

"குளிருச்சு, குடிச்சேன்! இது ஆபீஸ்!"

"ஆபீஸ்னா எங்களுக்கு மரபு கிடையாதா?" அவருக்கு உண்மையிலேயே வருத்தம் வந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரங்களப் பாத்து நாம எண்ணக் கத்துக்கிட்டோம், சரி. அதுக்காக நம்ம பாட்டன் பூட்டன் வழக்கத்த விட்டுட முடியுமா? கோப்பையக் காலி பண்ணிட்டு அப்புறம் கேக்கறது... உங்க வயசுக்கு நான் சொல்லிக் கொடுக்கணுமா?"

"நான் குடிக்கல சார்," என்றான் அபூ ஹம்தான். "என் கோப்பை அப்படியே இருக்கு. நான் கேக்கறேன். என் மகன் கொலைகாரன்னு எழுதுங்க."

"நீங்க கேக்க முடியாதே. பறிகொடுத்தவங்களே திருப்தின்னு குடிச்சாச்சு. பறிச்ச பக்கத்துக்கு என்ன குறை இருக்க முடியும்?"

அபூ ஹம்தானின் கோப்பை அப்படியே இருந்தது. சேவகன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும் பேருந்திலும் அதே டிரைவர். வழியெல்லாம் பின்னாலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லல ஹாஜி," என்றான் டிரைவர்.

"நான் கேட்டேனா?"

"கேக்கல. திரும்பித் திரும்பிப் பாத்தீங்க."

இருபத்தேழாம் தேதி காலை ஸ்டேஷனுக்குப் போனேன். ஹம்தான் லாக்கப் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது விரலைப் பிரிப்பதற்குள் முதல் விரல் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"நான்தான்யா சுட்டேன்! மூணு தடவை! எல்லாரும் பாத்தாங்க!"

"தம்பி, அசிங்கமா பேசாத," என்றார் ஏட்டு ரிழ்வான். "இப்ப நீ ஒரு சாதாரண மனுஷன். வீட்டுக்குப் போற வழியப் பாரு."

ஹம்தான் என்னைப் பார்த்துவிட்டான். "ஹாஜி! நீங்களாவது சொல்லுங்க ஹாஜி!"

"சுட்டான் ஏட்டு," என்றேன். "என் தம்பிய இவன்தான் கொன்னான். உள்ளயே வை."

"ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசறீங்க. இதையும் மேல எழுதி அனுப்பினா சந்தோஷப்படுவாங்க." ஏட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என்னால என்ன முடியும் ஹாஜி? இங்கயும் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிடறாங்க. போன வருஷம் கடைசியா வந்தோம்னு எனக்கு முன்னால இருந்தவர எங்க தூக்கிப் போட்டாங்க தெரியுமா?"

ஹம்தானை வெளியே தள்ளினார்கள். ஆகஸ்டில் அவன் மேஜைமேல் வைத்த துப்பாக்கியையும் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சொந்தப் பொருளாம், வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். ஃபவ்வாஸ் லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். நான் பேசினேன். நீ போனால் உன் அம்மாவுக்கு யார் என்றேன், தங்கைகளுக்கு யார் என்றேன். மறுபடியும் அம்மானுக்குப் போகிறேன், ஷேக் மித்காலைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"பெரியப்பா, அந்த ஆபீஸ்ல காப்பி குடிச்சீங்களாமே?"

யார் சொன்னது என்றேன்.

"ஒண்ணும் இல்ல. பஸ் டிரைவர் சொன்னான். சும்மா கேட்டேன்."

இரண்டு நாள் கழித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, பெட்ரோல் பங்கில் வைத்து ஃபவ்வாஸ் ஹம்தானைச் சுட்டான். ஹம்தானின் துப்பாக்கி பையிலேயே இருந்ததாம், பையின் கயிற்றைக்கூட அவன் அவிழ்க்கவில்லையாம். ஃபவ்வாஸ் நடந்தே வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை என் முன்னால் வைத்தான்.

"வாங்க பெரியப்பா. ஸ்டேஷனுக்குப் போவோம்."

அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் போதும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஷேக்குகள் வருவார்கள், பேசலாம், இன்னொரு பொறுதி கேட்கலாம். அவனை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏட்டு படியிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"என்ன ஹாஜி?"

"இவன் ஹம்தானச் சுட்டுட்டான். பூட்டு."

"சேதி வந்துச்சு. பெட்ரோல் பங்க்ல ஒரு இழப்பு."

"இழப்பு இல்ல, நான் சுட்டேன்," என்றான் ஃபவ்வாஸ். துப்பாக்கியை நீட்டினான். ஏட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அறிக்கை நேத்தே போயிடுச்சுப்பா. நார்வேய முந்தியாச்சு. நாளைக்கு விழா. நம்ம மாவட்டத்துக்கு முதல் பரிசு. இன்னிக்குப் போய் நான் உன்னை வாங்கிக்கிட்டா என்ன எழுதறது?"

"எழுத வேண்டாம்," என்றேன். "சும்மா உள்ள வை. ஒரு வாரம். நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்."

"எங்க வைக்க? லாக்கப்ல விழா நாற்காலி அடுக்கியிருக்கோம். வந்து பாருங்க வேணும்னா."

பார்த்தேன். அடுக்கித்தான் இருந்தது. கூரைவரைக்கும், சிவப்பு மெத்தை போட்டது.

"நாற்காலிக்கு நடுவுல நிக்கறேன்," என்றான் ஃபவ்வாஸ்.

"குற்றம் செய்யாதவன அடைச்சு வச்சா அது குற்றம்பா. எம்மேல கேஸ் வரும்."

ஏட்டின் காலைப் பிடித்தேன். என் வாழ்நாளில் நான் யார் காலையும் பிடித்ததில்லை. அவர் என்னைத் தூக்கி நிறுத்தித் தூசியைத் தட்டிவிட்டார். அப்போது தெற்கு ரோட்டில் புழுதி கிளம்பியது. பிக்கப் வண்டிகள். நான்கோ ஐந்தோ. முதல் வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அபூ ஹம்தான். முகத்தில் துணி இல்லை.

கான்ஸ்டபிள்கள் தோரணத்தை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஏட்டு கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அந்த இடுக்கு வழியாகப் பேசினார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

"ஹாஜி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மின்கம்பம் தெரியுதா, வெள்ளைக் கோடு போட்டது? அதுக்கு அந்தாண்ட பக்கத்து மாவட்டம். நடக்கறத நான் தடுக்க முடியாது. அங்க நடந்தா எனக்குப் பெரிய உபகாரம். எனக்கும் நாலு புள்ளைங்க."

ஃபவ்வாஸ் கம்பத்தைப் பார்த்தான். இருநூறு அடி இருக்கும். பிறகு என்னைப் படியில் உட்காரவைத்தான்.

"நீங்க இங்கயே இருங்க பெரியப்பா. அவங்களுக்கு வேண்டியது நான்தான். ஏட்டு கேக்கறாரு, பாவம், முதல் பரிசு வாங்கட்டும்."

துப்பாக்கியைப் படியிலேயே வைத்துவிட்டு நடந்தான். நான் எழுந்து பின்னால் ஓடினேன். எழுபத்தோரு வயதுக் கால். வண்டிகள் ஸ்டேஷனைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை, என்னையும் தாண்டிப் போயின. ஒரு வண்டியிலிருந்துதான் சுட்டார்கள். யார் என்று பார்த்தேன். இங்கே சொல்லவில்லை, எழுத எந்தக் கட்டமும் இல்லை. ஃபவ்வாஸ் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தான். வண்டிகள் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டன.

நான் போய்ச் சேர்வதற்குள் ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்துவிட்டார்கள். ஏட்டின் கையில் அளக்கும் நாடா. காலிலிருந்து அளந்தார், பிறகு தலையிலிருந்து அளந்தார். எப்படி அளந்தாலும் பதினோரு அடி இந்தப் பக்கம்தான். அவர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. கான்ஸ்டபிள்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அவர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். பையனின் தலை சரளைக் கல்லில் இடித்துக்கொண்டே போனது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். நிறுத்தவில்லை. நான் குனிந்து அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குச் சரியாக எட்டு வைத்துக் கம்பம்வரை நடந்தேன்.